ஒரே இன்ஜின், வேறு வேறு பேர்: லீனியாவா, எஸ்எக்ஸ்4 டீசலா?

சேலத்தில் பழைய டீசல் செடான் தேடும்போது ஃபியட் லீனியா என்று சொல்லிப் பாருங்கள். "வேண்டாண்ணே, மாட்டிக்குவீங்க" என்பார்கள். மாருதி எஸ்எக்ஸ்4 என்றால் அதே ஆள் தலையாட்டுவார். பானட்டைத் திறந்தால் இரண்டிலும் இருப்பது ஃபியட் உருவாக்கிய அதே 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

என்னிடம் 2011 லீனியா. மச்சானிடம் 2012 எஸ்எக்ஸ்4. இரண்டையும் ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏறும்போது எஸ்எக்ஸ்4 தான். காகிதத்தில் லீனியாவுக்கு 93 குதிரைத்திறன், 209 நியூட்டன் மீட்டர் இழுவை; எஸ்எக்ஸ்4-க்கு 90, 200. ஆனால் எஸ்எக்ஸ்4-இன் முழு இழுவை இன்ஜின் நிமிடத்துக்கு 1750 சுற்று சுற்றும்போதே வந்துவிடும், லீனியாவுக்கு 2000 வேண்டும். முன்னால் பஸ் ஊர்ந்து, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் மாட்டினால் லீனியா முக்கும். முதல் கியர் போட்டே ஆகவேண்டும். 20 வளைவு முடிவதற்குள் இடது கால் கெஞ்சும்.

இறக்கத்தில் கதை மாறும். லீனியாவின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் டயர் எங்கே நிற்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும். வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். எஸ்எக்ஸ்4 உயரம், சாயும். மாமியார் பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தோடு உட்காருவது அதில்தான்.

சரி, நம்பகம்? இன்ஜினில் வித்தியாசமே இல்லை. இடையில் மாற்றவேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, இரண்டிலும் செயின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா என்று ஊரெல்லாம் ஓடிய இன்ஜின், திறக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. லீனியா படுத்துவது மற்ற இடங்களில். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்து ஸ்பீடு பிரேக்கரில் 'டக் டக்'. கதவு லாக் ஒன்றுக்காக ஒரு சர்வீஸ் சென்டர் என்னை மூன்று வாரம் அலையவிட்டது. சாமான் விலை சில ஆயிரம்தான், காத்திருப்புதான் கொடுமை. ஃபியட் காரை முதலில் டாடா ஷோரூமில் விற்றார்கள், பிறகு தனிக்கடை போட்டார்கள், கடைசியில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். எஸ்எக்ஸ்4-உம் 2014-இல் நின்றுபோன வண்டிதான். ஆனால் மாருதி சர்வீஸ் இல்லாத ஊர் ஏது?

அப்பா காலத்து பத்மினியும் ஃபியட் 1100 தானே. அதை யாரும் பயந்து வாங்கவில்லை. எந்த ஊர் பட்டறையிலும் கை வைக்க ஆள் இருந்தது.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் எஸ்எக்ஸ்4 எடுங்கள். பழகிய மெக்கானிக்கும், டிக்கியில் ஒரு செட் புஷ் வாங்கிப் போட்டுவைக்கும் பொறுமையும் இருந்தால் லீனியா. பேர் கெட்டதால் விலையும் அடிமாட்டு விலை.

மச்சான் இன்றும் என் வண்டியைக் கிண்டல் செய்வார். ஏற்காட்டிலிருந்து திரும்பும்போது மட்டும், "மாமா, சாவியக் குடுங்க, நான் இறக்கறேன்" என்பார்.