வீட்டில் செய்யும் விண்கலம்: அட்டையா, சன்போர்டா, ஸ்டைரீனா, 3டி பிரின்டா?

அறிவியல் புனைகதை மாடல் செய்ய இறங்கும் எவரும் முதலில் கேட்பது, "எதில் செய்தால் நன்றாக வரும்?" என்பதைத்தான். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, "எதில் செய்தால் உடைந்தபின் சரிசெய்ய முடியும்?" என்று கேட்கச் சொல்வேன். விண்கலம் கண்டிப்பாக உடையும். ஆன்டெனா, பீரங்கிக் குழல், இறக்கை நுனி, இன்ஜினைத் தாங்கும் மெல்லிய கை என்று நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள்தான் அதற்கு அழகு. தூசி தட்டும்போது அவைதான் துணியில் மாட்டும். வீடு மாறும்போது பெட்டிக்குள் நசுங்கும். பிள்ளைகள் கையில் எடுத்தால் பறக்கவிட்டுத்தான் பார்ப்பார்கள், அதில் தப்பும் இல்லை. அதனால் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் நான்கு பொருட்களை ரிப்பேர் பக்கத்திலிருந்து பார்த்துவிடுவோம்.

தெர்மாகோலை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலே அது உருகிக் குழிவிழும், பெவிகுவிக் பட்டாலும் அதே கதைதான். பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்குச் சரி, அலமாரியில் வருடக்கணக்கில் நிற்க வேண்டிய பொருளுக்கு வேண்டாம்.

அட்டையில் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கத்தி, ஸ்கேல், பெவிகால் போதும். சட்டைப் பெட்டி அட்டையும் பழைய காலண்டர் அட்டையும் அருமையாக வரும். தட்டையான பக்கங்கள் உள்ள சரக்குக் கப்பல் மாதிரியான வடிவங்களுக்கு அட்டையே போதும், வளைவுகள் வந்தால்தான் சிரமம். ரிப்பேரும் சுலபம்: கிழிந்த இடத்தின் உள்பக்கம் ஒரு துண்டு அட்டையை ஒட்டினால் ஆயிற்று. ஆனால் அட்டைக்கு எதிரி உடைசல் இல்லை, ஈரம். ஐப்பசி மழையில் பக்கங்கள் மெல்ல உப்பி வளைந்துவிட்டால் அதை மறுபடி நேராக்க வழியே கிடையாது. அட்டையைத் தின்ன ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். உள்ளும் புறமும் வார்னிஷோ ப்ரைமரோ அடித்துவிட்டால் இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறையும். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் மாடல் என்றால் நான் அட்டையைத்தான் கொடுப்பேன்.

அடுத்தது சன்போர்டு. போர்டு எழுதும் கடைகளில் வெட்டி மிச்சமான துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். பிவிசி நுரையில் செய்த பலகை இது. எடை குறைவு, ஈரம் ஏறாது, கத்திக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். இரண்டு மூன்று அடி நீளத்தில் கப்பல் செய்ய ஆசைப்பட்டால் இதை விடச் சிறந்தது வேறில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் காட்டி இளக்கினால் வளைக்கவும் செய்யலாம். குறை என்னவென்றால் மேல்பரப்பு மிருதுவானது. விரல் நகம் அழுத்தினாலே பள்ளம் விழும். வெட்டிய விளிம்பில் நுண்ணிய ஓட்டைகள் தெரியும், அதைப் பட்டி போட்டு மூடி, உப்புத்தாள் பிடித்துத் தேய்க்காமல் பெயின்ட் அடித்தால் அசிங்கமாக இருக்கும். உடைந்தால் பெவிகுவிக் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் பள்ளம் விழுந்த இடத்தைப் பட்டி, தேய்ப்பு, பெயின்ட் என்று முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்னொன்று, சன்போர்டை லேசரில் வெட்டித் தரச் சொல்லிக் கடைக்காரரை வற்புறுத்தாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலையும் கெடுக்கும், அவருடைய மெஷினையும் அரித்துவிடும்.

இப்போது ஸ்டைரீன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஹாபி கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன்தான், சுருக்கமாக ஸ்டைரீன். அதே பொருள் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தகடாகவும் கிடைக்கும். முழுவதும் வெட்டத் தேவையில்லை. கத்தியால் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டில் மடக்கினால் 'டக்' என்று நேர்க்கோட்டில் உடையும். வீட்டிலேயே கொஞ்சம் கிடைக்கவும் செய்யும்: பழைய சிடி வைத்திருந்த கண்ணாடி போன்ற பெட்டி பாலிஸ்டைரீன்தான். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அதுவும் இந்த இனம். 5 போட்ட ஷாம்பு மூடியும் 2 போட்ட பாட்டிலும் இன்ஜின் வாய் மாதிரி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றின் மேல் பசையும் நிற்காது, பெயின்ட்டும் நிற்காது. இன்று ஒட்டியது போலத் தெரிந்தாலும் ஒருநாள் தானாகக் கழன்று விழும்.

ஸ்டைரீனின் பெரிய பலம் ஒட்டும் விதம். மற்ற பொருட்களில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே பசை என்ற மூன்றாவது பொருள் நிற்கிறது. ஸ்டைரீனை ஒட்டும் 'ஸ்டைரீன் சிமென்ட்' என்ற திரவம் அப்படி இல்லை. அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் மாதிரியான கரைப்பான் இரண்டு விளிம்புகளையும் இளக்கும். இளகியவை ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாக இறுகிவிடும். வெல்டிங் என்றே சொல்லலாம்.

போன கோடை விடுமுறையில் அக்கா பையன் இன்ஜின் தனியாகவும் கப்பல் தனியாகவும் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "மாமா, பெவிகுவிக் போட்டா உடனே ஒட்டிடுமே?" என்றான். "ஒட்டும்டா. ஆனா மறுபடி விழுந்தா அதே எடத்துல விட்டுடும்," என்றேன். உடைந்த இரண்டு முகங்களையும் உலர்வாகப் பொருத்திப் பிடிக்கச் சொல்லி, சிமென்ட் தோய்த்த மெல்லிய தூரிகையின் நுனியை இணைப்பில் வைத்தேன். திரவம் தானாகவே விரிசல் நெடுகிலும் ஓடி மறைந்தது. லேசாக அழுத்தியதும் கோட்டின் மேல் இளகிய பிளாஸ்டிக் ஒரு சின்ன விளிம்பாகப் பிதுங்கியது. அதைத் துடைக்கக் கூடாது. மறுநாள் இறுகியபின் கத்தியின் முதுகால் சுரண்டி, நனைத்த உப்புத்தாளால் தேய்த்தால் உடைந்த தடமே இருக்காது. அவன் மறுநாள் அந்த இடத்தை விரலால் தடவித் தேடிப்பார்த்தான்.

துணுக்குகள் பறந்துபோய்ப் பள்ளம் விழுந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. ஸ்டைரீன் குப்பைகளை அந்தச் சிமென்ட்டிலேயே போட்டு ஊறவைத்தால் கெட்டியான கூழாகும். அதைப் பூசிக் காயவிட்டால் அதே பிளாஸ்டிக்காகவே இறுகும், அதே வேகத்தில் தேயும். இரண்டு எச்சரிக்கைகள்: ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அக்ரிலிக் வேலை செய்பவர்கள் குளோரோஃபார்ம் பயன்படுத்துவார்கள். அது ஸ்டைரீனையும் ஒட்டும் என்றாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

நான்காவது, இன்று எல்லோரும் கேட்கும் 3டி பிரின்ட். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் உடையும் விதம் வேறு. இழையை உருக்கி அடுக்கும் மெஷினில் பெரும்பாலும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். அது சுமார் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இறக்கை தொங்கிவிடும். ஸ்டைரீன் கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும். பிஎல்ஏ பாகம் உடைவது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவேதான். உள்ளே வலைப்பின்னலாகக் கூடு இருப்பதால் ஒட்ட முகமே கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் வெறும் பசையை நம்பாமல், இரண்டு பக்கமும் சின்ன ட்ரில்லால் துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே செருகி, அரால்டைட் போட்டு இறுக்க வேண்டும். கோடுகள் தெரிகிறதே என்று ஒரேயடியாகத் தேய்த்தால் மேல்தோல் போய் உள்கூடு தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை, திரவ ரெசினை யுவி ஒளியில் இறுக்கி அச்சடிக்கும் மெஷின். இதில் நுணுக்கம் பிரமாதம். ஆனால் சாதாரண ரெசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உள்ளே கூடாக அச்சடித்த பாகத்தில் இறுகாத திரவம் தேங்கியிருந்தால் மாதங்கள் கழித்துக்கூட விரிசல் விட்டு ஒழுகும். அச்சடிக்கும்போதே வடிகால் துளை விட்டுவைக்க வேண்டும், இறுகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. சின்ன விரிசலுக்கு அதே ரெசினை ஒரு துளி விட்டு யுவி டார்ச் காட்டினால் நன்றாகப் பிடிக்கும்.

இவ்வளவு குறை சொன்னாலும் 3டி பிரின்ட் மற்ற மூன்றையும் அடித்துப்போடும் இடம் ஒன்று இருக்கிறது: பாகம் தொலைந்துபோவது. சோபாவுக்கு அடியில் போன ஆன்டெனாவை ஸ்டைரீனில் மறுபடி செய்ய ஒரு மாலை முழுக்கப் போகும். பாகத்தின் கம்ப்யூட்டர் கோப்பு இருந்தால், நாம் தூங்கும் நேரத்தில் மெஷின் அடித்துக்கொடுத்துவிடும்.

பொருள் எதுவானாலும் ரிப்பேரில் பாதி வேலை நிறத்தைப் பொருத்துவதுதான். ஸ்டார் ட்ரெக் டிவி தொடருக்காக 1964-இல் செய்த எண்டர்பிரைஸ் விண்கல மாடல் இதற்கு நல்ல சாட்சி. 11 அடி நீளம். மரம், தகரம், பிளாஸ்டிக் என்று கலந்து செய்தது. 1974-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்கு வந்தபின் அதைப் பலமுறை பழுதுபார்த்தார்கள். 1991-இல் செய்த வேலையில் கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின் மேல் கோடுகளை அழுத்தமாகத் தீட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் வெகுகாலம் குறைப்பட்டார்கள். 2016-இல் முடிந்த புதுப்பிப்பின்போது, தட்டின் மேல்பக்கத்தில் அசல் பெயின்ட் தப்பியிருந்ததால் அதை ஆதாரமாக வைத்து மற்ற இடங்களின் நிறத்தைப் பிடித்தார்கள். நமக்கும் அதுதான் வழி. அடித்த பெயின்ட்டையே ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, பெயரையும் கலவை விகிதத்தையும் பின்னால் எழுதி, கப்பலின் பீடத்துக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

பெவிகுவிக்கையும் நான் ஒதுக்கவில்லை. ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் அதைப் போட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், திடீர் அடிக்கும் தாங்காது. ஆனால் அதன் மேல் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா தூவினால் நொடியில் கல்லாகும்; மூலை இடைவெளியை அடைக்க அது போதும். வேறுவேறு பொருட்களை ஒன்றோடொன்று ஒட்டவும் அதுவோ அரால்டைட்டோதான் வேண்டும், ஸ்டைரீன் சிமென்ட் பிஎல்ஏ மேல் வேலை செய்யாது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஸ்டைரீனை எடுப்பேன். கட்டாயம் இல்லை என்றால் கலந்தே செய்வேன்: உள்ளே சன்போர்டு எலும்புக்கூடு, மேலே ஸ்டைரீன் தோல், ஒரே மாதிரி பல வேண்டிய குட்டிப் பாகங்கள் மட்டும் பிரின்ட். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு மாடல் செய்தவர்கள் டாங்கி, ரேஸ் கார் கிட்டுகளை வாங்கிப் பிரித்து அந்தத் துணுக்குகளைக் கப்பல் முழுக்க ஒட்டினார்கள். அந்த முறை இன்றும் ரிப்பேருக்கு வரப்பிரசாதம். மறைக்க முடியாத தழும்பு இருந்தால் அதன் மேல் ஒரு குழாயோ பெட்டியோ ஒட்டிவிடுங்கள். அது முதலிலிருந்தே அங்கிருந்தது போலத்தான் தெரியும்.

விளக்கு வைக்கிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய வெள்ளை எல்இடிக்கு 9 வோல்ட் பேட்டரியோடு 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் 18 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்து நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். அடிப்பக்கத்தில் ஒரு தகட்டை மட்டும் ஒட்டாமல் விட்டு, மூலைக்கு ஒன்றாகச் சின்ன காந்தங்களால் நிறுத்துங்கள். பேட்டரி தீர்ந்தாலும் வயர் விட்டாலும் கத்தி எடுக்காமல் திறக்கலாம்.