"நாலு பேரில் ஒருத்தருக்குக் கிடைக்கும்" என்று சொல்லும் ட்ரான்ஸ்ஃபர் கன்சல்டன்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். "முதல் வருஷம் கிடைக்கலன்னா என்ன சார், ட்ரான்ஸ்ஃபர்ல உள்ள போயிடலாம்" என்று சொல்லி ஒரு கன்சல்டன்ட் எங்களிடம் 6,000 டாலர் வாங்கினார். ட்ரான்ஸ்ஃபர் என்றால் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு கல்லூரிக்கு மாறுவது. அவருடைய பெயரைப் போடவில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தாலே போதும்.

எங்கள் வீடு கலிஃபோர்னியாவில். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் கேம்பஸ்களான யுசிஎல்ஏ, பெர்க்லி இரண்டும் கைவிட்டுப் போனதால் மகன் வெளிமாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். முதல் செமஸ்டரிலேயே ஒரு வாட்ஸ்அப் குழு மூலம் இவர் அறிமுகமானார். ஜூமில் ஒரு ஸ்லைடு காட்டினார். யுசிஎல்ஏவில் பள்ளி முடித்து நேராக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கு இடம். ட்ரான்ஸ்ஃபரில் விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு. "பாத்தீங்களா, நாலு பேர்ல ஒருத்தருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியாது."

அந்த எண் பொய்யில்லை. அது யாருடைய எண் என்பதைத்தான் மறைத்துவிட்டார். யுசிஎல்ஏவில் ட்ரான்ஸ்ஃபரில் இடம் கிடைப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரிகள்) இருந்து வருகிறார்கள். அந்த வழியே அவர்களுக்காக அமைத்ததுதான். வெளிமாநில நான்காண்டுக் கல்லூரியில் படிக்கும் பையன் மிச்சமிருக்கும் சொற்ப இடத்துக்குத்தான் போட்டி போட வேண்டும். அந்த 25 அவனுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதைவிடக் கொடுமை ஒன்று. யூசி பல்கலைக்கழகங்கள் ட்ரான்ஸ்ஃபரில் பொதுவாக மூன்றாம் ஆண்டுக்குத்தான் ஆள் எடுக்கின்றன. சேர்வதற்கு முந்தைய வசந்த செமஸ்டர் முடிவதற்குள் 60 செமஸ்டர் யூனிட் (படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட்) கையில் இருக்க வேண்டும். முதல் வருஷம் முடித்தால் சுமார் 30 யூனிட்தான் வரும். மகன் இதைக் கவனித்து, "60 யூனிட் வேணும்னு போட்டிருக்கே அங்கிள்?" என்று கேட்டான். "ஏபி கிரெடிட் இருக்குல்ல தம்பி, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. ஏபி என்பது பள்ளியிலேயே எழுதும், கல்லூரி கிரெடிட் தரும் தேர்வு. ஏபியைச் சேர்த்தும் 50கூட வரவில்லை. அப்படியே நவம்பரில் விண்ணப்பத்தை அனுப்ப வைத்தார். தகுதியே இல்லாத விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு கேம்பஸுக்கும் தனிக் கட்டணம், இரவு இரவாக உட்கார்ந்து எழுதிய கட்டுரைகள், நடுவில் செமஸ்டர் பரீட்சை. பையன் சரியாகத் தூங்கக்கூட இல்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் போட்டுக் கொடுத்த கல்லூரிப் பட்டியலில் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இருந்தன. ஹார்வர்ட் ட்ரான்ஸ்ஃபரில் வருஷத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேரை எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990-இல் ட்ரான்ஸ்ஃபரையே நிறுத்தி 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 1,429 பேர், இடம் கிடைத்தது 13 பேருக்கு. அதிலும் முன்னாள் ராணுவத்தினர், கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் முன்னுரிமை என்று அறிவித்தே தொடங்கினார்கள். எல்லா இடமும் இப்படி இல்லை. கார்னெல் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கானவர்களை ட்ரான்ஸ்ஃபரில் எடுக்கிறது. அதைப் பற்றி இவர் வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஒப்பந்தம். "பட்டியலில் ஒன்றிலாவது இடம் கிடைக்காவிட்டால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும்" என்று போட்டிருந்தது. பட்டியலின் கடைசி இரண்டு பெயர்கள் ஏறக்குறைய கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் கல்லூரிகள். அதில் ஒன்று "வா" என்றது, மற்ற எல்லாம் "இல்லை" என்றன. "இடம் கிடைச்சிடுச்சே சார்" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார். பணத்தை ஸெல் (Zelle) என்ற நேரடி வங்கிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பச் சொல்லியிருந்ததால், கிரெடிட் கார்டு என்றால் போட்டிருக்கக்கூடிய ஆட்சேபமும் போட வழியில்லை.

இவர் 6,000 டாலருக்குச் சொல்லாததெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடுங்கள். அதில் டி என்ற பிரிவில் ட்ரான்ஸ்ஃபருக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது இருக்கும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் பிள்ளை என்றால், எந்தப் பாடம் எந்த யூசியில் செல்லும் என்பதை அசிஸ்ட் இணையதளம் காட்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு கேம்பஸ்களில் 'டேக்' என்ற உத்தரவாத வழியும் உண்டு. செப்டம்பர் மாதத்துக்குள் பதிய வேண்டும், மதிப்பெண் நிபந்தனைகளும் உண்டு. யுசிஎல்ஏ, பெர்க்லி, சான் டியேகோவுக்கு அது கிடையாது. அங்கேயும் உத்தரவாதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

யூசி விண்ணப்பங்களை அக்டோபர் 1 முதல் அனுப்பலாம். அதற்கு முன்னால்தான் இவர்களுடைய இலவச ஜூம் கூட்டங்கள் நடக்கும். 25 சதவீத ஸ்லைடு வந்ததும், "இதில் நான்காண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.