அலெக்ரியின் ‘மிசெரேரே’: கிங்ஸ் கல்லூரியா, டாலிஸ் ஸ்காலர்ஸா?

17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் கிரகோரியோ அலெக்ரியின் ‘மிசெரேரே’யைக் கேட்க விரும்புகிறவருக்கு எந்தப் பதிவைச் சொல்வது? எத்தனையோ பதிவுகள் வந்துவிட்டாலும் பேச்சு கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்கிறது. ஒன்று, டேவிட் வில்காக்ஸின் தலைமையில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு 1963இல் பதிவு செய்தது. மற்றொன்று, பீட்டர் பிலிப்ஸின் டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு 1980இல் ஆக்ஸ்போர்டின் மெர்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் பாடியது. என் ஓட்டு கிங்ஸுக்குத்தான். ஆனால் நேர்த்தியை மட்டும் அளவுகோலாக வைத்தால் டாலிஸ் ஸ்காலர்ஸே முந்தும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பாடல் விவிலியத்தின் 51ஆம் திருப்பாடல். “கடவுளே, உமது பேரன்புக்கேற்ப எனக்கு இரங்கும்” என்று தவக்காலத்தில் நம் கோயில்களிலும் ஒலிக்கிற அதே மன்றாட்டு. 1630களில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக அலெக்ரி இதற்கு இசை அமைத்தார். புனித வாரத்தில், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் வழிபாட்டில் இது பாடப்பட்டது. ஐந்து குரல்கள் கொண்ட ஒரு குழு, நான்கு குரல்கள் கொண்ட இன்னொரு குழு, இவற்றுக்கு நடுவே பக்கக் குரல் ஏதுமில்லாத, கிரகோரியப் பாடல் எனப்படும் பழைய தேவாலய ஓதல் வரிகள். கடைசி வசனத்தில் மட்டும் ஒன்பது குரல்களும் சேர்கின்றன. 14 வயது மொசார்ட் 1770இல் ரோமில் கேட்டுவிட்டு நினைவிலிருந்தே எழுதிவைத்தது இதைத்தான்.

இந்தப் பாடலில் வேகத்தைத் தாளத்தை வைத்து அளக்க முடியாது. ஒரே சுரக்கூட்டில் நின்றபடி சொற்களைப் பேச்சுப்போக்கில் ஓதிக்கொண்டு போய், வரி முடிகிற இடத்தில் மட்டும் குரல்கள் பிரிந்து அசைந்து அடங்குகின்றன. ஆகவே காலப்பிரமாணம் என்பது இரண்டு விஷயங்களில் இருக்கிறது: ஓதுவது எவ்வளவு இயல்பாக ஓடுகிறது, வரி முடிவில் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள். இரண்டு பதிவுகளும் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்கள்தான். ஆனால் காதுக்கு அப்படித் தோன்றுவதில்லை. கிங்ஸ் குழு ஆங்கிலத்தில் பாடுகிறது. தினசரி வழிபாட்டில் திருப்பாடல்களை ஓதிப் பழகிய வாய்கள் அவை. சொல்லுக்கேற்ப ஓட்டம் கூடிக் குறைகிறது, ஒருவர் மனம்விட்டுப் பேசுவதுபோல. டாலிஸ் ஸ்காலர்ஸ் பாடுவது லத்தீன். திறந்த உயிரெழுத்துகள் நிறைந்த மொழி என்பதால் குரல்கள் ஒன்றோடொன்று வழுக்கிச் சேர்கின்றன. நேரம் நகர்வதே தெரிவதில்லை.

சுருதி விஷயம்தான் இந்தப் பாடலின் பெரிய கதை. இரண்டு பதிவுகளிலும் பாடல் ஜி மைனர் சுருதியில் தொடங்குகிறது. நான்கு குரல் குழுவின் வசனம் பாதி வரை அதிலேயே செல்கிறது. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சி மைனருக்குத் தாவுகிறது. மேல் குரல் உச்சஸ்தாயி ‘சி’யை எட்டிப்பிடித்து அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறது. ஐந்து வசனங்களில் ஐந்து முறை இது நிகழ்கிறது. உலகம் இந்தப் பாடலை நேசிப்பதற்குக் காரணமே அந்தச் சுரம்தான். ஆனால் அது அலெக்ரி எழுதியதல்ல. 1831இல் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் ரோமில் இதை ‘ச’விலிருந்து ‘ம’ வரையிலான அளவு உயர்ந்த சுருதியில் கேட்டுக் குறித்துவைத்தார். அந்தத் துண்டு 1880 வாக்கில் குரோவ் இசை அகராதியில், தாழ்ந்த சுருதியில் இருந்த மற்றப் பகுதிகளோடு ஒட்டிக்கொண்டது. தாவல் அப்படிப் பிறந்ததுதான்.

பிழையில் பிறந்த அந்தச் சுரத்தை யார் பாடுகிறார்கள் என்பதே மனநிலையைத் தீர்மானிக்கிறது. மெர்டனில் அலிசன் ஸ்டாம்ப் பாடுகிறார்: முதிர்ந்த, பயிற்சி பெற்ற பெண் குரல். நான்கு குரல் குழுவைச் சற்றுத் தொலைவில் நிறுத்தியிருப்பதால் சுரம் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. ஐந்து முறையும் ஒரே தரம், ஒரே தெளிவு. கேட்பவர் மனம் அமைதியடைகிறது, வியக்கிறது. ஆனால் மன்றாட்டு எங்கே? “என் குற்றங்களைத் துடைத்தருளும்” என்று கெஞ்சுகிற மனிதனை அந்த நிறைவில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிங்ஸில் பாடியவன் ராய் குட்மன், பன்னிரண்டு வயதுச் சிறுவன். உச்சஸ்தாயி ‘சி’ அவனுக்கு எட்டுகிறது. எட்டினாலும் குரலில் ஒரு மெல்லிய கூர்மை இருக்கிறது. இன்னும் ஓரிரு ஆண்டுகளில் உடைந்துவிடப்போகிற குரல் என்பது கேட்கும்போதே தெரிகிறது. கிங்ஸ் ஆலயத்தின் விசிறி வளைவுக் கூரை அந்தச் சுரத்தை வாங்கி, அவன் அடுத்த சுரத்துக்கு இறங்கிய பிறகும் விடாமல் வைத்திருக்கிறது. ஒலித்தரம் 1963க்குரியதுதான், கோரஸ் பலத்து ஒலிக்கிற இடங்களில் சற்றே இறுக்கம் தெரிகிறது. அதற்காக இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

உச்சஸ்தாயி ‘சி’யே வேண்டாம், பழைய ரோமுக்கு அருகில் போக வேண்டும் என்பவர்களுக்குப் பிரான்ஸின் ஆ செய் வோச்சி குழுவின் பதிவு இருக்கிறது. 1990களில் வந்த அவர்களுடைய பதிவில் வரி முடிவுகளை அக்காலப் பாணியில் கமகங்களும் பிருகாக்களும் கொண்டு அலங்கரித்திருக்கிறார்கள். கர்நாடக இசைக்குப் பழகிய காது இதை உடனே தனதாக்கிக்கொள்ளும். துயரத்தோடு ஒரு சூடும் இதில் இருக்கிறது; மற்ற இரண்டிலும் அது கிடையாது.

ஒன்பது குரல்களும் சேரும் கடைசி வசனத்தில் டாலிஸ் ஸ்காலர்ஸ் ஜெயிக்கிறார்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனியே காதில் விழுகிறது. கிங்ஸில் எதிரொலி அவற்றைக் கலந்துவிடுகிறது. முதல்முறை கேட்பவர் மெர்டன் பதிவில் தொடங்கட்டும், பாடலின் கட்டமைப்பு தெளிவாகப் புரியும். தவக்காலத்தில் கேட்பதற்கென்று ஒன்றை வாங்குகிறவர் கிங்ஸை வாங்கட்டும்.