வீட்டை விற்கப் போகிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு காகிதத்தை எடுங்கள்

12 வருடம் குடியிருந்த எங்கள் வீட்டைச் சமீபத்தில் விற்று முடித்தோம். விற்ற விலையை 100 என்று வைத்துக்கொண்டால், வங்கிக் கடனை அடைப்பதற்கு முன்பே அதில் 11 போய்விட்டது. தரகர் கமிஷன் 2 போகும், மற்றதெல்லாம் சில்லறைச் செலவு என்றுதான் நானும் என் மனைவியும் நினைத்திருந்தோம். அந்த வித்தியாசம் எங்களுக்கு இரண்டு வருடச் சேமிப்பு. வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக, நான் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று தரகர்கள் வந்து வீட்டைப் பார்த்தார்கள். முதல் இருவரும் ஏறக்குறைய ஒரே விலையைச் சொன்னார்கள். மூன்றாமவர் அவர்களைவிட 15 சதவீதம் கூடுதலாகச் சொன்னார். யாரைப் பிடித்திருப்போம் என்று சொல்லவே வேண்டாம். அதிக விலை சொன்னால் வீட்டுக்காரர் உடனே கையெழுத்துப் போடுவார், ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு விலையை மெதுவாகக் குறைக்கச் சொல்லலாம். இது தரகுத் தொழிலில் பழைய வழி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதம் பேருக்குக்கூட ஆள் வரவில்லை. விலையைக் குறைத்த பிறகு வந்தவர்களும், "இத்தனை நாளா ஏன் விற்கல? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். கடைசியில் முதல் இருவர் சொன்ன விலையைவிட 4 சதவீதம் குறைவாகத்தான் போனது.

என் மனைவி முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டாள்: "எல்லாம் போக எங்க கைக்கு எவ்வளவு வரும்?" தரகர் சிரித்தபடி, "அதெல்லாம் விலை படிஞ்சதும் பேசிக்கலாம் மேடம், முதல்ல வீட்டை ரெடி பண்ணுவோம்" என்றார். பதில் வராமல் நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

வீட்டை ரெடி பண்ண மேஸ்திரியையும் அவரே அழைத்து வந்தார். சமையலறை அலமாரிகளை மாற்ற வேண்டும், குளியலறைக்குப் புது டைல்ஸ், கூடத்துக்கு அலங்கார உள்கூரை, வீடு முழுக்க பெயிண்ட். "போட்ட காசு இரண்டு மடங்கா திரும்பும் சார்" என்றார் தரகர். வேறு யாரிடமும் மதிப்பீடு வாங்காமல் சரி என்றேன். வேலை பாதியில் இருக்கும்போது டைல்ஸ் கடை ரசீது ஒன்று தற்செயலாக என் கையில் கிடைத்தது. மேஸ்திரி எங்களிடம் வாங்கிய தொகைக்கும் அதில் இருந்த தொகைக்கும் நிறைய இடைவெளி. கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, தரகருக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். செலவு செய்யச் சொன்னவருக்கே அந்தச் செலவில் வருமானம் இருந்திருக்கிறது. எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்ன ஒன்றையும் அதன் பிறகு என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் புது அலமாரிகளை, வீட்டை வாங்கியவர் குடிவந்த முதல் மாதத்திலேயே கழற்றி எறிந்துவிட்டு தன் விருப்பப்படி செய்துகொண்டார்.

இனி சுவர் விஷயம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஓதம் இருந்தது எனக்குத் தெரியும். உள்ளே குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய சுவரை உடைக்க வேண்டும். மேஸ்திரி, "பட்டி பார்த்து இரண்டு கோட் அடிச்சிட்டா தெரியவே தெரியாது" என்றார், நான் தலையாட்டினேன். கசிவு நிற்காத சுவரில் பெயிண்ட் நிற்காது. ஈரம் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவரும். தண்ணீர் ஆவியான பிறகு அந்த உப்பு படிகமாகப் பூத்து பூச்சையே உள்ளிருந்து தள்ளும். ஐந்தாவது வாரம் கொப்புளம் வந்தது. சுரண்டி மறுபடி அடித்தோம், மறுபடியும் வந்தது. பிறகு, வாங்க வந்தவர் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தார். அவர் ஈரம் அளக்கும் சின்னக் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார், அங்கங்கே தட்டிப் பார்த்தார், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். குழாயைச் சரிசெய்ய ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கை விலையில் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தோம். அதைவிட, "வேற எதை மறைச்சிருக்கீங்க?" என்று அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதுதான் வலித்தது. கேட்க அவருக்கு உரிமை இருந்தது. தெரிந்த குறையை மறைத்து விற்றால் பிறகு வழக்கு வரை போகலாம். அதற்கு முன்பே, அது ஒரு குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். நான் செய்தது தவறு.

உண்மையில் வந்தவர்களுக்குப் பிடித்ததெல்லாம் நாங்கள் கைக்காசு அதிகம் போடாமல் செய்தவை. பழைய சாமான்களை ஒழித்ததால் அறைகள் பெரிதாகத் தெரிந்தன. ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து, எரியாத பல்புகளை மாற்றி, சொட்டிய குழாய்களுக்கு வாஷர் போட்டு, இழுத்தால் முனகும் கதவுகளைச் சரிசெய்தோம். "வெளிச்சமா இருக்கு" என்று பலர் சொன்னார்கள். உள்கூரையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

தரகருடன் போட்ட ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தது. தரகர் விற்றுத் தரவில்லை. ஒப்பந்தக் காலத்தில் என் அலுவலக நண்பரின் உறவினர் ஒருவர் வீட்டைப் பார்த்திருந்தார். நான்தான் அனுப்பி வைத்தேன், தரகர் கதவைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்த உறவினர் நேரே என்னிடம் வந்து விலை பேசினார். கமிஷன் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டே வாரத்தில் தரகரிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இரண்டு விதிகள் இருந்தன. ஒப்பந்தக் காலத்தில் யார் மூலம் விற்றாலும், நானே ஆள் பிடித்து விற்றாலும், கமிஷன் அவருக்குத்தான். காலம் முடிந்து அடுத்த ஆறு மாதத்துக்குள், முன்பு வீட்டைப் பார்த்த யாருக்கு விற்றாலும் அப்போதும் அவருக்குத்தான். வழக்கறிஞரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். கொடுத்தேன். அதுவும், சுவருக்காக நாங்கள் குறைத்த தொகையைக் கழிக்காமல், முதலில் ஒப்புக்கொண்ட விலைக்கு. 2 சதவீதம் என்று வாயால் சொன்னது வரி, புகைப்படம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து 3 ஆனது.

வங்கிக் கடன் பாக்கியைக் கணக்கிட்டதிலும் ஏமாந்தோம். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நாங்கள்தான் கேட்கவில்லை. கடைசி அறிக்கையில் இருந்த அசல் பாக்கியை எடுத்து, இவ்வளவு கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கடனை முடிக்கும் தொகை வேறு. முடிக்கும் நாள் வரை நாளுக்கு நாள் ஏறும் வட்டி, முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் இருந்தால் அது, பத்திரத்தை விடுவிக்கும் செலவு எல்லாம் அதில் சேரும். எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், தாண்டினால் நாளொன்றுக்கு எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஆவணங்கள் தயாராக 19 நாள் தாமதமானது, அத்தனை நாளுக்கும் வட்டி கட்டினோம். அப்புறம், விற்காமல் காலியாக நிற்கும் வீடும் சும்மா நிற்பதில்லை. வரி, பராமரிப்பு, மின்கட்டணம், தவணை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். வீடு நீண்ட நாள் காலியாக இருந்தால் பல காப்பீடுகள் முழுதாகக் கைகொடுக்காது, அதையும் கேட்டு வையுங்கள்.

லாபத்துக்கு வரி கட்டும்போது இன்னொரு அடி. வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கப் பல நாடுகளில் வழி உண்டு, வெறும் பெயிண்ட் மாதிரி பராமரிப்பை அப்படிக் கழிப்பது கடினம். எதற்கும் ரசீது வேண்டும். மேஸ்திரிக்கு நான் கொடுத்தது முழுக்க ரொக்கம். காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

இப்போது என் மைத்துனி தன் வீட்டை விற்கிறாள். தரகரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எதிர்பார்க்கும் விலையை மேலே எழுதச் சொல்லி, கமிஷன், அதன் வரி, விளம்பரம், வேலைகள், வழக்கறிஞர், கடன் முடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசி வரியில் கைக்கு வரும் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடக் கேட்டாள். விலை மூன்று மாதம் தள்ளி 10 சதவீதம் குறைவாகப் போனால் என்ன வரும் என்று பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் கேட்டாள். முதலில் வந்தவர் போனில் சொல்கிறேன் என்று போனவர்தான், திரும்ப வரவில்லை. அடுத்தவர் உட்கார்ந்து எழுதித் தந்தார். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்து, காலம் முடிந்த பிறகும் கமிஷன் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் வீட்டைப் பார்த்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தரகரிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் அந்தப் பட்டியல் இருந்திருந்தால், அந்த உறவினரிடம் விலை பேசும்போதே கமிஷனையும் கணக்கில் சேர்த்துப் பேசியிருப்பேன்.