ராமேஸ்வரம் பக்கம் ‘தீவு டிரெக்கிங்’ என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

போன வாரம் சித்தப்பா மகன் ஒரு போஸ்டரை அனுப்பி, “அண்ணே, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்டான். பார்த்தால், காலாண்டு லீவில் என்னிடம் 5,000 ரூபாயைப் பிடுங்கிய அதே போஸ்டர். தேதி மட்டும் புதிது.

நாங்கள் காரைக்குடி. அம்மா, அத்தை, மச்சான், பிள்ளைகள் இரண்டு பேர் உட்பட மொத்தம் 7 பேர். ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, ஒரு நாள் பிள்ளைகளைக் காடு, கடல் என்று நடக்க விடலாம் என்பது திட்டம். போஸ்டரில் ‘இயற்கை மையம், 3 கிலோமீட்டர் நடைபாதை, வழிகாட்டி, தீவுக்குப் படகு, மதியச் சாப்பாடு, தலைக்கு 1,200’ என்று இருந்தது. படத்தில் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கவிந்து நிற்க, நடுவில் ஒரு படகு. “பாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார், நீங்க வந்தா போதும்” என்றார் போனில் பேசியவர். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கேட்டால், “எங்க அக்கவுண்டன்ட் சார்.” அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அனுப்பிவிட்டேன்.

காலையில் வேன் வந்தது. தங்கச்சிமடம் தாண்டி எங்கேயோ திரும்பி, தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் ஒரு பனங்காட்டில் இறக்கிவிட்டார்கள். இயற்கை மையம் என்றால் கட்டடமாவது இருக்கும் என்று நினைத்தோம். ஒரு கீற்றுக் கொட்டகை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். நடைபாதை என்பது ஆடு போகிற தடம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலமும் உடைமரமும். வழிகாட்டியாக வந்தது 17 வயது இருக்கக்கூடிய ஒரு தம்பி. ஒரு பறவையைக் காட்டி “இது என்ன?” என்று மகள் கேட்டதற்கு, “கொக்குதான் பாப்பா” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

200 அடி நடந்திருப்போம், மகள் கத்தினாள். விரல் நீளத்துக்கு வெள்ளையாய் ஒரு உடைமுள், செருப்பின் அடியைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. இழுத்ததும் முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அத்தை மடியில் வைத்திருந்த ஊக்கால் அதை எடுப்பதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டாள். அவர்களிடம் பஞ்சு, டெட்டால் எதுவும் கிடையாது.

அப்புறம் படகு. மீன் பிடிக்கப் போகிற சாதாரண பைபர் படகு. லைப் ஜாக்கெட் 7 பேருக்கு இரண்டு. அதில் ஒன்றுக்குக் கொக்கியே இல்லை, நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் அடங்கவில்லை, தென்கடல் பொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, படகுக்காரர் பெரியவர், உள்ளதைச் சொல்லிவிட்டார்: “தம்பி, தீவுல எல்லாம் இறங்க முடியாது. பாரஸ்ட்காரங்க பிடிச்சா என் படகுதான் போகும். சுத்திக் காட்டிட்டு வரச் சொன்னாங்க.”

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. பூங்கா என்று எனக்கும் தெரியும். அனுமதியை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று நம்பியதுதான் என் முட்டாள்தனம்.

நாங்கள் ஏறவில்லை. ஏஜென்டிடம் பணத்தைக் கேட்டால், “டிரெக்கிங் முடிஞ்சிருச்சே சார், மீதி 3,400 கொடுங்க” என்றார். மச்சான் குரலை உயர்த்தியதும் மீதியை விட்டுவிட்டார். கொடுத்த 5,000 போனது போனதுதான். மதியச் சாப்பாடாக வந்த எலுமிச்சை சாதம் ஊசிப்போயிருந்தது, அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

மறுநாள் திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி, தொண்டிக்கு முன்னாலேயே காரங்காட்டுக்குத் திரும்பினோம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற இடம். போனதும் எனக்கு உறைத்தது: போஸ்டரில் இருந்த அலையாத்திக் காடு இதுதான்! படத்தை இங்கிருந்து எடுத்து, ஆளை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். இங்கே கவுண்டரில் டிக்கெட், ஆளுக்கொரு லைப் ஜாக்கெட். 7 பேருக்கும் சேர்த்து நான் தொலைத்த அட்வான்ஸில் பாதிகூட ஆகவில்லை. அந்தப் பக்கம் பாக் விரிகுடா, அதாவது ராமேஸ்வரத்துக்காரர்கள் சொல்கிற பெண் கடல். கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளித்தாலும் இது குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தலைகீழ். மாதத்தைப் பார்த்து எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி நிற்கிற மூச்சு வேர்களைப் பற்றிப் படகோட்டியே மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கால் வலி மறந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீவுதான் வேண்டும் என்றால், குருசடைத் தீவுக்குப் படகு ஓடுகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். பணத்தையும் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் போஸ்டரும் இருக்கின்றன. பணம் அனுப்பிய உடனே ஏமாந்தது தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்துத்தான் அடித்தேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன்.