தி சைலன்ட் பேஷன்ட்: பேசாதவளைப் பற்றி இவ்வளவு வேகமாக ஒரு நாவல்

அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'தி சைலன்ட் பேஷன்ட்' 2019இல் வந்த நாவல், அவருக்கு முதல் நாவலும் அதுதான். சைக்கலாஜிக்கல் த்ரில்லர் படிக்க ஆசை, எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன், அதனால் ஏன் என்று ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அலிசியா பெரன்சன் ஓவியர். கணவர் கேப்ரியல் பெயர் பெற்ற ஃபேஷன் புகைப்படக்காரர். லண்டனில் வசதியான வீடு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் ராத்திரி வேலை முடிந்து தாமதமாக வரும் கணவரை முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது, போலீஸ் கேட்டும் பதில் இல்லை, கோர்ட்டிலும் இல்லை. 'தி குரோவ்' என்ற மனநல மருத்துவமனையில் அடைத்துவிடுகிறார்கள். சில வருடம் கழித்து, இவளை நான் பேச வைக்கிறேன் என்று அங்கே வேலைக்குச் சேருகிறான் தியோ ஃபேபர் என்ற உளவியல் சிகிச்சையாளன். கதை அவன் வாய்மொழியாகத்தான் வருகிறது. இதற்கு மேல் சொன்னால் படிக்கப் போகிறவர்களுக்குப் பாவம் செய்த மாதிரி.

துரத்தல், சண்டை எதுவும் பெரிதாகக் கிடையாது. முக்கால்வாசி நேரம் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான், எதிரே இருப்பவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அத்தியாயங்கள் ரொம்பச் சின்னவை, சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறினால் பாய லேபார் வருவதற்குள் சில அத்தியாயங்கள் ஓடிவிடும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கப் பிடிக்காது. நடுநடுவே அலிசியாவின் டைரி வருகிறது. வெளியே ஊமையாக இருப்பவள் அங்கே கொட்டித் தீர்க்கிறாள்: வெயில், பாதியில் நிற்கும் ஓவியம், கணவர் மேல் உள்ள பிரியம், அப்புறம் யாரோ வீட்டை நோட்டம் விடுகிறார்கள் என்ற பயம். கொலை நடந்த நாள் நமக்கு முதலிலேயே தெரியும் என்பதால், டைரியில் ஒவ்வொரு தேதியும் அதை நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைகிறது. மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு அத்தியாயக் கடைசியில் வரும் கொக்கி பழகியதுதான், ஆனால் ஒரு ஆள் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதையே கொக்கியாக மாட்டியிருப்பது வேறு ரகம்.

எனக்கு மிகவும் பிடித்தது அல்செஸ்டிஸ் விஷயம். கொலைக்குப் பிறகு அலிசியா தன்னையே ஒரு படமாக வரைந்து அதற்கு வைக்கும் பெயர் அது. யூரிப்பிடீஸ் கி.மு. 438இல் அரங்கேற்றிய கிரேக்க நாடகத்தின் நாயகி, கணவன் அட்மீட்டஸுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுப்பவள். மாவீரன் ஹெராக்ளிஸ் அவளைச் சாவிடமிருந்து மீட்டு வந்து கணவன் முன்னால் நிறுத்துவான், அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நம் சாவித்திரி எமன் பின்னாலேயே போய்ப் பேசிப் பேசித்தான் கணவனை மீட்டாள். அல்செஸ்டிஸுக்கு வாய்த்தவனோ, எனக்குப் பதில் நீ போ என்று விட்டவன். திரும்பி வந்த பிறகு அவனிடம் பேச என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் கனம் கூடும்.

குறை இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மனநல வார்டில் தாதியாக இருக்கிறார், அவரிடம் கதையைச் சொன்னபோது முதலில் கேட்டதே, "சிகிச்சை கொடுக்கிறவர் நோயாளியின் அத்தை வீடு, மைத்துனர் ஆபீஸ் என்று போய் விசாரிப்பாரா? இங்கே அப்படிச் செய்தால் வேலை போய்விடும்" என்றுதான். அவர் சொல்வது நியாயம், தியோ பல இடங்களில் துப்பறிவாளன் மாதிரி நடந்துகொள்கிறான், அதற்கு ஒரு காரணம் இருந்தாலும் மருத்துவமனை அதைக் கண்டும் காணாமல் விடுவது ஒட்டவில்லை. வார்டில் இருக்கும் மற்ற நோயாளிகளையும் ஆசிரியர் வெறும் பின்னணியாக நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் அவரே அப்படிப்பட்ட ஒரு இடத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்தவர், அவர்களுக்கும் கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கலாம்.

எல்லாப் பிரச்சினைக்கும் சிறு வயதில்தான் வேர் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் ஒரு கட்டத்தில் அலுக்கிறது. தற்கொலை, குழந்தைகளை வதைப்பது பற்றியெல்லாம் வருகிறது, மனசு சரியில்லாத நேரத்தில் எடுக்க வேண்டாம்.

ஆங்கிலம் எளிதாகத்தான் இருக்கிறது, தமிழிலேயே படித்துப் பழகியவர்களுக்கும் தடுக்காது. நூலகத்தில் ஆங்கிலப் புனைவு அலமாரியில் ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுங்கள். மின்னூலை விட அச்சுப் புத்தகம்தான் இதற்கு வசதி, ஏனென்றால் கடைசிப் பகுதிக்கு வந்ததும் டைரிப் பக்கங்களைத் தேடிக்கொண்டு பின்னால் புரட்டாமல் இருக்கவே முடியாது.