பெயர்ப்பலகை இல்லாத கடையில் 500 ரூபாவுக்குத் திருந்திய மீன்தொட்டி பம்ப்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து இலங்கை முழுக்கக் கரண்ட் போனது என்றார்களே, அந்த நாள். அன்று நின்ற எங்கள் மீன்தொட்டி பம்ப், கரண்ட் வந்த பிறகும் ஓடவில்லை. ர்ர்ர் என்று ஒரு முனகல் மட்டும். வெளியே எடுத்து இரண்டு தட்டுத் தட்டியதும் சுற்றத் தொடங்கியது, ஆனால் தண்ணீர் நூல் மாதிரித்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் ஏழெட்டு மாதமாகவே வேகம் குறைந்துகொண்டுதான் வந்தது, நான்தான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். குரங்கின் மேல் பழி போட முடியாது.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கிட்டத்தட்ட 190 லீற்றர். உள்ளே முழுகி இருக்கும் பம்ப் தண்ணீரை மேலே பில்டர் தட்டுக்கு ஏற்றும். பெட்டியில் மணிக்கு 1000 லீற்றர் என்று போட்டிருக்கும் (அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு, வீட்டில் ஒருநாளும் அவ்வளவு வராது). பத்து லீற்றர் வாளியைப் பிடித்து போனில் நேரம் பார்த்தேன். 2 நிமிடம் 10 செக்கன். அதாவது மணிக்கு 280 லீற்றர்கூட இல்லை.

முதலில் போன கடையில் நின்ற பெடியன் பம்ப்பைக் கையில் வாங்கியும் பார்க்கவில்லை. "இது முடிஞ்சுது அண்ணா, புதுசு 6,500." கடையின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

பக்கத்து வீட்டு அன்ரி சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கராஜ். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் கப்பி மீன் போட்ட கண்ணாடிப் போத்தல்கள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஐயா ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், யாழ்ப்பாணப் பேச்சு.

பம்ப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "தம்பி, இது பழுதாகேல்லை, ஊத்தை பிடிச்சிருக்கு." முன் மூடியை நகத்தாலேயே நெம்பி, அடுத்த மூடியைத் திருப்பி, உள்ளே இருந்த இம்பெல்லரை (சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) மெல்ல நேராக இழுத்தார். அது காந்தம், விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுச் சரித்து இழுத்தால் நடுவில் இருக்கும் பீங்கான் தண்டு டக்கென்று உடைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். வெளியே வந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. காந்தம் முழுக்கக் கபில நிறத்தில் வழுவழுவென்று களி, தண்டைச் சுற்றி பில்டர் பஞ்சின் நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது, குழியின் அடியில் மிளகளவு நத்தை ஒன்று செத்துக் கிடந்தது.

குழிக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சி, மற்றதுக்கெல்லாம் பழைய பல் பிரஷ். அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தொட்டிக்குள்ள முருகைக்கல் போட்டிருக்கிறியளோ?" என்றார். போட்டிருக்கிறேன், அழகுக்கு. கல் கரைந்து சுண்ணாம்பு தண்ணீரில் சேருகிறது, நானோ வற்றிய அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், பாதியை வெளியே எடுத்து மாற்றுவதில்லை. சுண்ணாம்பு குறைந்த களனி ஆற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு நிறைந்த யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரின் வேலையைச் செய்திருக்கிறேன். பாதி வினாகிரி பாதி தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டார். சோப் கூடாது, எவ்வளவு கழுவினாலும் எங்காவது ஒட்டியிருந்து மீனைக் கொல்லும். ஸ்பொஞ்சைக் குழாயடியில் அலசாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசச் சொன்னார், குளோரின் பட்டால் அதில் இருக்கும் நல்ல பக்டீரியா போய்விடுமாம். காந்தம் வீங்கவோ துருப்பிடிக்கவோ இல்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பூட்டினார்.

இம்பெல்லரின் இதழ்கள் ஏன் வளையாமல் நேராக இருக்கின்றன என்று சும்மா கேட்டேன். இந்த வகை மோட்டர் எந்தப் பக்கமும் சுற்றத் தொடங்குமாம், அதனால்தான். எத்தனை வருடமாகப் பாவிக்கிறேன், இது தெரியாது.

500 ரூபா. பில் இல்லை, கார்ட் இல்லை. ஊறும் நேரம் போக இன்னும் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன், ஏனென்றால் இடையில் யார் கப்பி வாங்க வந்தாலும் வேலையை விட்டுவிட்டு எழும்பிவிடுவார். ரப்பர் கால் ஒன்று இறுகிப்போயிருந்தது, மாற்ற அவரிடம் சாமான் இல்லை.

என் பெரிய குறை வேறு. வீட்டுக்கு வந்து அதே வாளியைப் பிடித்தால் 1 நிமிடம் 25 செக்கன். முன்னேற்றம்தான், ஆனால் நான் எதிர்பார்த்தது இதுவல்ல. போன் எடுத்தேன். "குழாயைக் கழுவினியளோ?" இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே ஐயா! பம்ப்பிலிருந்து பில்டர் தட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே பாசி அப்பி, பென்சில் போகும் அளவுக்குத்தான் வழி. தும்பு பிரஷ் உள்ளே போகாததால் ஒரு கயிற்றில் துணித்துண்டு கட்டி இரண்டு மூன்று தரம் இழுத்தேன், கறுப்புக் கறுப்பாக வந்தது. பிறகு 50 செக்கன். மணிக்கு 720 லீற்றர். தங்கமீன்கள் இரண்டும் தண்ணீர் விழும் இடத்தில் எதிர்த்து நீந்தி விளையாடுகின்றன, அன்றைக்கு இரவு டிவி பார்க்கவில்லை நான்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று குழாய்க்காகக் குறைத்தது. போகிறவர்கள் குழாயையும் கழற்றிக்கொண்டு போங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போனால் கூட்டம் குறைவு. பிளக்கில் போட்டால் முனகல்கூட வராத பம்ப்பைக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே கம்பிச்சுருளைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், அதை அவரும் திறக்கமாட்டார்.